மடிகணினிக்கு ஒரு தாங்கி

நான் உயர்தர வகுப்பில் சேர்ந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு மடிகணினி வந்தது. இரண்டு பெருநாட்களுக்கு ஊராருக்கு உடுப்புத் தைத்து உம்மா சேர்த்த காசு அது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் உம்மாவின் தையல் இயந்திரம், மறுபாதியில் என் மடிகணினி. இரவு பத்து மணி வரை இருவரும் எதிரெதிரே குனிந்திருப்போம்.

மூன்று மாதங்களில் எனக்குப் பிடரி நோவு தொடங்கியது. இணையவழி வகுப்பு முடிந்து எழும்பும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. நோவெண்ணெய் பூசிவிட்ட உம்மா ஒரு நாள் சொன்னார்: "எனக்கு இந்த நோவு வாரதுக்கு இருவது வருஷம் எடுத்திச்சு மகள். ஒனக்கு மூணு மாசத்துல வந்திட்டே!"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. காரணத்தைத் தேடினேன்; தவறு செய்து திருத்தினேன். அறிந்துகொண்டதைத் தோழியருக்கும், அவர்களுக்கு மடிகணினி வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை முதுகெலும்பின் மேல் நேராக நிற்கிறது. குனியும்போது கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் இதைக் கணித்துக் காட்டினார். தலை 15 பாகை குனிந்தால் கழுத்து உணரும் சுமை ஏறத்தாழ 12 கிலோ, 60 பாகை குனிந்தால் 27 கிலோ என்பது அவரது கணிப்பு. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே நமக்குக் கை நோகிறது. கழுத்தை மட்டும் மணிக்கணக்காகச் சுமக்க விடுகிறோம்.

அப்படியானால் மடிகணினியை உயர்த்தினால் போதும் என்று நினைத்தேன். கடையில் பார்த்ததும் பிடித்துப்போன ஒரு மடிப்புத் தாங்கியை வாங்கி வந்தேன். இரண்டு வாரத்தில் பிடரி நோவோடு தோள் நோவும் சேர்ந்துகொண்டது. அது மடிகணினியை உயர்த்தியது 8 சென்றிமீற்றர் மட்டுமே. கழுத்து நிமிர அது போதவில்லை. ஆனால் கைகளைத் தூக்கி, மணிக்கட்டை மடித்துத் தட்டச்சுச் செய்ய வைப்பதற்கு அது போதுமாக இருந்தது.

மடிகணினியின் அடிப்படைக் குறை இதுதான். அதில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. திரை கண்மட்டத்துக்கு வர வேண்டும். விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றைச் சரியாக்கினால் மற்றது பிழைக்கும். ஆகவே தாங்கி தனியே தீர்வாகாது. வேறாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் அதனோடு சேர வேண்டும். கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் விசைப்பலகையை வாங்குங்கள். தாங்கியின் வேலையைத் தடித்த புத்தகங்கள் சில நாட்களுக்குச் செய்யும்.

வாங்குமுன் அளக்க வேண்டும். நான் உம்மாவின் அளவுநாடாவை எடுத்தேன். கதிரையில் நிமிர்ந்திருந்து, மேசையிலிருந்து என் கண்வரை உள்ள உயரத்தைத் தங்கச்சியைக் கொண்டு அளந்தேன்: 39 சென்றிமீற்றர். மேசையிலிருந்து மடிகணினித் திரையின் மேல்விளிம்பு வரை: 23 சென்றிமீற்றர். வித்தியாசம் 16. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருப்பதே நல்லது. ஆகவே எனக்குத் தேவை 15 சென்றிமீற்றர் உயரம். உங்கள் கதிரையும் மேசையும் வேறு, உங்கள் அளவும் வேறு. இருபார்வைக் கண்ணாடி அணியும் பெற்றோர் திரையை இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பகுதிக் கண்ணாடியால் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னே சாய்க்க நேரும்.

உயரம் தெரிந்த பின் தாங்கியைத் தெரிவு செய்வது இலகு. ஒரே துண்டாக வளைத்த அலுமினியத் தாங்கி அசையாது. ஆனால் உயரத்தை மாற்ற முடியாது. மூட்டுகள் உள்ளதை மாற்றலாம். மூட்டு தளர்ந்தால் மெல்லத் தாழ்ந்துவிடும். மடிப்புத் தாங்கி புத்தகப்பையில் அடங்கும். ஆனால் பலவற்றின் உயரம் போதாது. சகோதரர்கள் ஒரே மடிகணினியைப் பகிரும் வீட்டுக்கு உயரம் மாற்றக்கூடியதே பொருந்தும். கடையில் மடிகணினியை அதன்மேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். வழுக்காமலிருக்க இறப்பர் பட்டைகள் உண்டா, முன்பக்கத்தில் தடுப்பு உண்டா, அடிப்புறக் காற்றுத் துளைகள் மூடப்படவில்லையா என்றும் பாருங்கள். காற்றோட்டம் தடைப்பட்டால் கணினி சூடேறி வேகம் குறையும். கட்டிலில் தலையணைமேல் வைப்பது கூடாதென்பதும் இதனால்தான்.

இனிப் பயன்படுத்தும் முறை. திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும்; பின்னாலிருந்து வந்தால் திரையில் பளபளக்கும். முழங்கை உடலோடு ஒட்டி, ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். மேசை உயரமென்றால் கதிரையில் ஒரு மெத்தை போடுங்கள். அப்போது கால் தொங்கினால் கீழே ஒரு பலகை வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 செக்கன் பாருங்கள். அரை மணிக்கொரு தடவை எழும்பி நடவுங்கள். எவ்வளவு நல்ல தாங்கியும் அசையாமல் இருப்பதற்கு மருந்தல்ல. நோவு விடாமல் நீடித்தாலோ, கை விறைத்தாலோ, வைத்தியரிடம் போக வேண்டும்.

நான் மறுபடி கடைக்குப் போகவில்லை. எங்கள் தெரு ஓடாவி, கதவு செய்து மிஞ்சிய பலகையில், 15 சென்றிமீற்றர் உயரத்தில், பின்பக்கம் திறந்த ஒரு சிறு பீடம் செய்து தந்தார். முன்பு வாங்கிய மடிப்புத் தாங்கியும் வீண்போகவில்லை; பாடப்புத்தகத்தை அதில் சாய்த்து வைத்து வாசிக்கிறேன். ஒரு மாதத்தில் நோவு பெருமளவு குறைந்தது.

பிறகு ஒரு நாள் இரவு நிமிர்ந்திருந்து படிக்கும்போதுதான் எதிரே பார்த்தேன். முன்பு நானும் குனிந்திருந்ததால் கண்ணில் படாத காட்சி அது. உம்மாவின் முகம் ஊசிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மறுநாள் அதே அளவுநாடாவால் அவரையும் அளந்தேன். ஓடாவி இன்னொரு பலகையை அறுத்துத் தந்தார். தையல் இயந்திரம் இப்போது இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கிறது.

"இதுக்கெல்லாம் அளவு இருக்கா மகள்?" என்று கேட்டார், வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு அளவெடுத்த என் உம்மா.