முதலைக்குக் காவல் போட்டார்கள். ஆமையைத் தூக்கிப் போனார்கள்!

முதலைப் பண்ணைக்குள் புகுந்து திருட யாருக்காவது தைரியம் வருமா? வந்தது!

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே வடநெம்மேலியில் இருக்கிறது சென்னை முதலைப் பண்ணை. 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம், மழை கொட்டிய நாட்களில், அங்கிருந்து ஒரு ராட்சத ஆமை இரவோடு இரவாகக் காணாமல் போனது. அல்டாப்ரா என்ற இனம். சீஷெல்ஸ் தீவுகளைச் சேர்ந்தது. வயசு பத்துதான், எடையோ 80 கிலோவுக்கு மேல். வெளிநாட்டுச் சந்தையில் விலை லட்சக்கணக்கில். மாமல்லபுரம் போலீசார் வழக்குப் போட்டு விசாரித்தார்கள். விஷயம் பத்திரிகைகளுக்குத் தெரியவே பல வாரங்கள் ஆயின.

ஆயிரக்கணக்கில் முதலை இருக்கிற இடத்தில் திருடன் ஏன் ஆமையைத் தேடினான்? ஆமை கடிக்காது, ஓடாது, கத்தாது. நாலு பேர் பிடித்தால் வண்டியில் ஏற்றிவிடலாம். ஆனால் ஒளித்து வைப்பதுதான் கஷ்டம். இந்த இனத்து ஆண் ஆமை 250 கிலோ வரை வளரும். நூறு வயசைத் தாண்டியும் இருக்கும். திருடியவன் செத்த பிறகும் திருட்டுச் சொத்து உயிரோடு இருக்கும்!

திருடு போனது திரும்பக் கிடைத்தால் "இது எங்களுடையதுதான்" என்று நிரூபிப்பது எப்படி? அரிசி அளவு 'சிப்' ஒன்றைத் தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். கருவியைக் காட்டினால் எண் தெரியும். அதோடு ஓட்டின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் போட்டோ எடுத்து வைப்பதும் உண்டு. இந்த இரண்டும் இல்லையென்றால், ஆமை கண் முன்னால் நின்றாலும் வழக்கு நிற்காது.

"முதலை தப்பிச்சிடுச்சாம்!"

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மிதந்தபோது இப்படி ஒரு வதந்தி. பண்ணையிலிருந்து முதலைகள் ஊருக்குள் வந்துவிட்டன என்று செல்போனில் செய்தி பறந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு இது போதாதா? அப்படி எதுவும் தப்பவில்லை என்று பண்ணையார்கள் மறுக்க வேண்டியதாயிற்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அப்போது பெருங்களத்தூர் பக்கம் ரோட்டில் முதலை போகும் வீடியோ பரவியது. அது நிஜம். ஆனால் பண்ணை முதலை அல்ல. நெடுங்குன்றம் பக்கத்து ஏரிகளில் சதுப்பு முதலைகள் இயல்பாகவே வசிக்கின்றன. பதற வேண்டாம் என்று வனத்துறை அறிவித்தது.

வதந்தி என்று தள்ளினாலும், பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2013 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ ஆறு பெருக்கெடுத்தது. அங்கே ஒரு முதலைப் பண்ணையில், அடைபட்ட முதலைகள் வெள்ளத்தில் நசுங்கிச் சாகக் கூடாதே என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான முதலைகள் ஆற்றோடு போயின. பல நாள் துரத்திப் பிடித்தும் எல்லாம் திரும்பவில்லை.

சுவர் விஷயமும் அப்படித்தான். சதுப்பு முதலைக்கு வளை தோண்டும் பழக்கம் உண்டு. சுவரை உயர்த்தினால் மட்டும் போதாது, அடியிலும் ஆழமாக இறக்க வேண்டும். வடநெம்மேலிக்குக் கடல் வேறு கொல்லைப்புறத்தில்! 2004-ல் சுனாமி அடித்ததும் இதே கரையில்தான்.

கல்லாப் பெட்டி காலி

புயல், திருட்டு இரண்டையும் விடப் பெரிய அடி 2020-ல் விழுந்தது. மார்ச் மாதம் கொரோனாவுக்காகக் கதவை மூடினார்கள். கோடை விடுமுறைக் கூட்டம்தான் பண்ணைக்கு அறுவடை. அந்த அறுவடையே போயிற்று. முதலை பல வாரம் பட்டினி தாங்கும். பராமரிக்கிற ஆள் தாங்குவாரா? பம்பு செட்டுக்கு மின்சாரம், மருந்து, சம்பளம் எல்லாம் நின்றபாடில்லை. பொதுமக்களிடம் உதவி கேட்டுத்தான் சமாளித்தார்கள்.

இந்தப் பண்ணைக்கு இங்கிலீஷில் 'பாங்க்' என்று பெயர் வைத்தது வேடிக்கைக்காக அல்ல. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் இதைத் தொடங்கியபோது, தோலுக்காக வேட்டையாடி முதலைகள் அருகிப் போயிருந்தன. இங்கே குஞ்சு பொரித்துப் பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். ஒரே இடத்தில் எல்லாச் சொத்தையும் வைத்திருந்தால் ஒரே வெள்ளத்தில் போய்விடும். பிரித்துக் கொடுத்ததே பெரிய காவல்.

வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க!

இப்போது மாடி வீடுகளிலும் இகுவானா, பந்து மலைப்பாம்பு என்று வளர்க்கிறார்கள். நம் நாட்டு நட்சத்திர ஆமையை வளர்த்தால் அது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு இனங்கள் பலவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். 2024 பிப்ரவரியில் இதற்கு மத்திய அரசு விதிகள் போட்டது. குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

மழை எச்சரிக்கை வந்தால் கண்ணாடித் தொட்டியை மேல் மாடிக்கு ஏற்றுவது முதல் வேலை. தண்ணீர் வந்த பிறகு தொட்டியைத் தூக்குவது நடக்காத காரியம். பாம்பை முடிச்சுப் போட்ட துணிப்பையில் விட்டு, ஓட்டை போட்ட மூடியுள்ள வாளியில் வைக்கலாம். தரை ஆமைக்கு நீச்சல் வராது. வெள்ளத்தில் விட்டால் மூழ்கிவிடும். 'ஆமைதானே, நீந்திக்கும்' என்று நினைப்பவர்களே அதிகம்.

கரண்ட் போனால் குளிர் நாட்டில் விறைத்துச் சாகும். சென்னையில் கதை தலைகீழ். மூடிய கண்ணாடித் தொட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சில மணி நேரத்தில் வெந்துவிடும்.

பதிவுக் காகிதத்தை ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைப்பது நல்லது. 2015 வெள்ளத்தில் நனைந்து போன பத்திரங்களுக்கு நகல் வாங்க, சென்னையில் சிறப்பு முகாம்களே நடத்த வேண்டி வந்தது.