ஏஜியன் கடலில் ஆடிக்காற்று

ஆகஸ்ட் மாதக் காலை. கிரேக்க நாட்டின் நாக்ஸோஸ் தீவுத் துறைமுகம். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பாரோஸ் தீவின் சரிவில் இருக்கும் வெள்ளை வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் ஃபெர்ரி வரவில்லை. பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கையால் தொப்பியை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். கரையோர உணவகத்தில் மேசைக்கு மேசை காகித விரிப்புகளுக்குக் கவ்வி போட்டு மாட்டியிருக்கிறார்கள். 'அபகோரெஃப்டிகோ' என்ற சொல் வாய்க்கு வாய் தாவுகிறது. தடை உத்தரவு என்று அர்த்தம். காற்றின் வேகத்தைப் பார்த்துக் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்திவைத்துவிட்டது.

வெளியூர்ப் பயணிகள் வானத்தைப் பார்க்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், ஒன்றும் விளங்காமல் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். புயல் என்றால் இருட்ட வேண்டாமா? தமிழ்நாட்டிலிருந்து போனவருக்கு இது அவ்வளவு புதிராக இருக்காது. வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே அம்மியைப் பறக்கவைக்கும் காற்று நமக்கு ஆடியில் உண்டு. ஏஜியன் கடலின் காற்று உச்சத்துக்கு வருவதும் ஏறக்குறைய அதே ஆடி, ஆவணியில்தான். இந்த இரண்டு காற்றுகளும் ஒரே காலத்தில் வீசுவது தற்செயல் அல்ல. இதை முதலில் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை.

நாக்ஸோஸ், பாரோஸ், மிகொனோஸ், சாண்டொரினி எல்லாம் சிக்லடீஸ் என்ற தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. தேலோஸ் என்ற புனிதத் தீவைச் சுற்றி வட்டமாகக் கிடப்பதால் வட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர். வரைபடத்தில் எல்லாமே கூப்பிடு தூரம் போலத் தெரியும். ஏழு நாளில் நாலு தீவு என்று கணக்குப் போடுவது அதனால்தான். ஆனால் விமானங்கள் பெரும்பாலும் ஏதென்ஸிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கிளம்பி, ஆளுக்கொரு தீவுக்குப் போய்த் திரும்புகின்றன. பக்கத்துத் தீவுக்கு விமானத்தில் போக வேண்டுமென்றால் பல நேரம் ஏதென்ஸுக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். கப்பல் அப்படியல்ல. பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் கிளம்பும் ஃபெர்ரி, டவுன் பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நிற்பதுபோல் தீவுக்குத் தீவு நின்று போகும். பிரேயஸிலிருந்து நாக்ஸோஸுக்கு அதில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஆகவே இரண்டு முனைகளுக்கும் விமானம், நடுவில் கப்பல் என்பதே நல்ல திட்டம். எந்த முனையில் தொடங்குவது என்பதைக் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் காற்றுக்கு இன்றைய பெயர் மெல்டெமி. பழைய கிரேக்கர்கள் எடீசியக் காற்று என்றார்கள். ஆண்டைக் குறிக்கும் 'எடோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஆண்டு தவறாமல் வரும் காற்று. நாம் சொல்லும் மான்சூனும் பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு கடல்களின் மாலுமிகளும் காற்றுக்கு நாட்காட்டியைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இந்தக் காற்றுக்குக் காரணம் தேடி எழுதினார். மாசிடோனிய மன்னன் பிலிப் இந்தக் காற்று வீசும் காலமாகப் பார்த்துத் தாக்குகிறான், அப்போது நம் கப்பல்கள் வடக்கே ஏறிப்போக முடியாது என்று ஏதென்ஸ் மக்களை எச்சரித்தார் டெமொஸ்தெனிஸ். பயணத் திட்டம் போட்டவர்களில் பிலிப் கெட்டிக்காரர்.

வடக்கிலிருந்து வருவதால் நம் கணக்கில் இது வாடை. நம் வாடை குளிரோடு வரும். இந்த வாடை கோடையின் நடு உச்சியில் வரும். அந்த மாதங்களில் பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும். கிழக்கே, துருக்கியின் அனடோலியப் பீடபூமி வெயிலில் காய்ந்து, அங்கே அழுத்தம் தாழ்ந்திருக்கும். அப்படியானால் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அல்லவா ஓட வேண்டும்? ஓடத்தான் கிளம்புகிறது. ஆனால் பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் ஓடும் காற்றெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். கிழக்கே கிளம்பியது தெற்கே திரும்பி, உயர்வுக்கும் தாழ்வுக்கும் நடுவில் இருக்கும் ஏஜியன் கடல் வழியாக இறங்கி ஓடுகிறது.

அந்தத் தாழ்வழுத்தம் துருக்கியோடு முடிந்துவிடுவதில்லை. வானிலை வரைபடத்தில் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் ஈரான், பாகிஸ்தான் வழியாக வட இந்தியாவுக்கே வந்து சேர்வோம். நம் தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே இழுக்கும் அதே பள்ளம்தான். அதன் ஒரு கோடியில் மெல்டெமி, மறு கோடியில் நம் மழை.

வானத்தின் மேலடுக்கிலும் ஓர் இணைப்பு இருக்கிறது. ஒரு கிலோ நீராவி மழைத்துளியாக மாறும்போது சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். ஒரு பருவம் முழுக்க இந்தியாவிலும் வங்கக் கடலிலும் பெய்யும் மழை அத்தனையும் இப்படி வெப்பத்தைக் காற்றில் கொட்டினால் எவ்வளவு இருக்கும்! சூடேறிய காற்று எழும்புகிறது. எழும்பியதற்கு ஈடாக வேறெங்கோ காற்று இறங்க வேண்டும். 1996இல் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் கணினி மாதிரியில் இந்த மழைவெப்பத்தை ஊட்டிப் பார்த்தார்கள். அது கிளப்பும் பெரிய அலை மேற்கு நோக்கிப் பரவி, கிழக்கு மத்தியதரைக் கடலின் மேலும் சஹாராவின் கிழக்குப் பகுதியின் மேலும் காற்றைக் கீழே இறங்கச் செய்கிறது என்று கண்டார்கள். இறங்கும் காற்று உலர்ந்து சூடாகும், அதில் மேகம் கட்டாது. இங்கே கொட்டுவதால் அங்கே காய்கிறது. நாக்ஸோஸில் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் அந்த வெறும் நீல வானத்தில் நம் மழைக்கும் பங்கு உண்டு. பின்னர் வந்த ஆய்வுகள் மெல்டெமியின் பலத்தையும் பருவமழையோடு சேர்த்துக் காட்டின. ஒரு குறிப்பிட்ட நாளின் காற்றுக்கு இந்திய மழையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவின் மேலே நகரும் வானிலை அதை நாளுக்கு நாள் கூட்டும், குறைக்கும். பருவத்தின் அடித்தளம்தான் இரண்டுக்கும் பொது.

கணினிக்கு வெகு காலம் முன்பே இதைக் கவனித்தவர் ஒருவர் இருந்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற நூல், மிளகு வாங்க முசிறிக்கு வந்த கடல்வழியை விவரிக்கிறது. அவர்கள் பக்கம் எடீசியக் காற்று வீசும் அதே காலத்தில்தான் இந்தியக் கடலில் தென்மேற்குக் காற்று எழுகிறது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. எழுதியவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நம் சங்கப் பாடல்கள் பேசும் யவனர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். இரண்டு காற்றுகளையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்த அந்தக் கண்ணை நான் வணங்குகிறேன்.

காற்று கப்பலை நிறுத்துவது ஏன்? நடுக்கடலைவிடக் கரைதான் ஆபத்து. சிறிய தீவில் ஃபெர்ரி கரை சேர்வதைக் கீழ்த்தளத்திலிருந்து பார்க்க வேண்டும். லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே, டீசல் வாடையில், பெட்டியோடு கூட்டமாக நின்றிருப்போம். நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கும் சத்தம். கப்பல் துறைமுகத்துக்குள் ஓர் அரை வட்டம் அடித்துத் திரும்பி, பின்புறமாகக் கரையை நோக்கி வரும். பின்பக்கக் கதவின் மேல் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் விழும். அது அகலமாகிக்கொண்டே போய், கதவே சாய்தளமாகக் கான்கிரீட்டில் படியும். சில நிமிடங்களில் இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறிவிட வேண்டும். அந்த நிமிடங்களில் பல மாடி உயரமுள்ள கப்பலின் பக்கவாட்டுச் சுவர் முழுவதும் ஒரு கப்பற்பாய் போலக் காற்றை வாங்கும்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் துறைமுகங்கள் பயன்படுத்துகின்றன. அதில் 5 என்றால் மணிக்குச் சுமார் 34 கி.மீ., 8 என்றால் சுமார் 68 கி.மீ. வேகம் இரண்டு மடங்கு. ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறும் என்பதால் கப்பலைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. பெரிய ஃபெர்ரிகளை நிறுத்தும் கட்டம் பெரும்பாலும் இந்த 8ஐ ஒட்டித்தான் வரும். அதிவேகக் கட்டமரன்கள் அதற்குக் கீழேயே நின்றுவிடும். ஆகஸ்ட்டில் பயணச்சீட்டு வாங்குபவர் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய கப்பலைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன்.

திசைக்கும் பெரிய மதிப்பு உண்டு. ஆறு விநாடிக்கு ஒன்றாக வடக்கிலிருந்து அலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆழக்கடலில் அத்தகைய அலையின் நீளம் சுமார் 56 மீட்டர், வேகம் விநாடிக்கு 9 மீட்டருக்குச் சற்று மேல். கப்பல் விநாடிக்கு 12 மீட்டர் போகிறது. வடக்கே போகும் கப்பல் அலைகளை எதிர்கொண்டு, இரண்டரை விநாடிக்கு ஒரு தரம் இடிபடும். அதே கப்பல் தெற்கே போனால் அலைகளை மெல்ல முந்திப் போகிறது. அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு நடுவே இருபது விநாடிக்கு மேல் ஆகும். கடலும் காற்றும் அதேதான். ஒன்றில் வயிறு குமட்டும், மற்றொன்றில் குழந்தை தூங்கும். அதனால் மிகொனோஸில் விமானத்தில் இறங்கி, நாக்ஸோஸ் வழியாகத் தெற்கே வந்து, சாண்டொரினியில் விமானம் ஏறுவது நல்லது. எதிர்த்திசையில் அதே தீவுகள், அதே செலவு, ஆனால் வேறு பயணம்.

விமானத்துக்கு இந்தக் காற்று எதிரி அல்ல. நாக்ஸோஸ், சிரோஸ் தீவுகளின் ஓடுபாதைகளில் 18, 36 என்ற எண்களும், மிகொனோஸில் 16, 34 என்ற எண்களும் எழுதியிருக்கும். ஒரு சுழியம் சேர்த்துக்கொண்டால் அது திசைகாட்டியின் பாகை: 360 வடக்கு, 180 தெற்கு. ஓடுபாதைகள் மெல்டெமி வரும் வழியிலேயே நீண்டு கிடக்கின்றன. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று கிடைத்தால், தரையைத் தொடும்போது 150தான். நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும். 900 மீட்டர் அளவிலான நாக்ஸோஸ் ஓடுபாதைக்கு இது சின்ன உதவியா? கப்பலைக் கட்டிப்போட்ட அதே காற்று, சிறிய டர்போபிராப் விமானத்தைக் கைகொடுத்து இறக்கிவிடுகிறது. பக்கவாட்டில் திரும்பினாலோ மலையில் மோதிச் சுழன்றாலோ விமானமும் நிற்கும், அது வேறு.

மெல்டெமி சில நாள் தொடர்ந்து வீசி, பிறகு ஓயும். பல நாட்களில் பிற்பகலில் வலுத்து இரவில் தணியும். ஆகவே காலைக் கப்பல் நல்லது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை மட்டும் கப்பலுக்குக் கொடுக்காதீர்கள். அந்த நாளை வெறுமையாக விட்டு, விமான நிலையம் உள்ள தீவிலேயே தங்குங்கள்.

தடை நீங்கிக் கப்பல் கிளம்பியதும் மேல்தளத்துக்குப் போங்கள். 1857இல் டச்சு அறிவியலாளர் பைஸ் பாலட் சொன்ன விதியை அங்கே சோதித்துப் பார்க்கலாம். கப்பலின் ஓட்டமே காற்றின் திசையை மாற்றிக் காட்டும் என்பதால், அலைகள் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். தாழ்வழுத்தம் அந்தப் பக்கம். முதலில் துருக்கியின் மலைகள், பிறகு ஈரான், அதற்கும் அப்பால் ஆடி மழையில் நனைந்துகொண்டிருக்கும் இந்தியா.