அரிவாளணு இரத்தசோகை: எந்த வயதிலும் கவனம்

இந்தியாவில் இந்நோய்க்கூறு 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதன்முதலில் கண்டறியப்பட்டது. இது தொற்றாது, பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபுவழி வருவது. உடலில் நீர் குறைந்தால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்கும். ஆதலால் விளாத்திகுளத்து வெயிலில் தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்த வேண்டும்.

குழந்தைகளுக்கு ஐந்து வயதுவரை பென்சிலினும், உரிய தடுப்பூசிகளும் தவறலாகாது. பள்ளி செல்வோர் வகுப்பில் தண்ணீர் குடிக்க ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வளரிளம் பருவத்தினர் வலியில்லை என்பதற்காக ஹைட்ராக்சியூரியா மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஆணாயினும் பெண்ணாயினும், குழந்தைப்பேற்றை விரும்பினால் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்க.

101 டிகிரிக் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கை கால் தளர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், ‘விடியட்டும்’ என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.