செம்பில் நிலைத்த பெயர்கள்

காளியோடு சிவபெருமான் நடனமாடியதாகப் புராணம் சொல்லும் ஊர் திருவாலங்காடு. 1905-ம் ஆண்டில் அந்த ஊரின் 31 செப்பேடுகள் வெளியுலகுக்குத் தெரிய வந்தன. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோவிலுக்கு ராஜேந்திர சோழன் வழங்கிய சாசனம் அது.

செம்பில் எழுத்து வெட்டியவர்கள் யார்? காஞ்சிபுரத்துச் சிற்பிகள்! ரங்கன், தாமோதரன், புருஷோத்தமன் உள்பட நால்வரின் பெயரைச் சாசனமே சொல்கிறது.

பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் செம்புத் தகட்டில் உளி ஓடியது. அங்கே வெட்டியது எழுத்தை மட்டுமல்ல, மனித முகத்தையும்!

முகத்தைக் கோடு கோடாக வெட்டுவார்கள். தகட்டில் மை பூசி, மேலே உள்ளதைத் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் முகம் பதிந்துவிடும். அச்சில் இடது வலதாக மாறும் அல்லவா? அதனால் தகட்டில் எல்லாவற்றையும் மாற்றியே வெட்டவேண்டும். செப்பேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது அச்சடிப்பதற்கல்ல, அப்படியே படிப்பதற்கு.

1526-ல் ஜெர்மன் ஓவியர் டியூரர், எராஸ்மஸ் என்ற அறிஞரின் முகத்தை இப்படிச் செதுக்கினார். அறிஞரை நேரில் காணாதவர்களும் படத்தில் கண்டார்கள்.

ஆனால் செதுக்குபவர் கலைஞரா, கூலிக்கு வேலை செய்பவரா? 1660-ல் பிரெஞ்சு மன்னர் 14-ம் லூயி, இது தொழிற்குழுக்களின் கட்டுக்கு அடங்காத சுதந்திரக் கலை என்று ஆணையிட்டார்.

அதற்குச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பே, சோழ மன்னனின் பெயர் இருந்த செம்பில் காஞ்சிச் சிற்பிகளின் பெயரும் இடம்பிடித்துவிட்டது!