ஓடிய வண்டி ஏன் நின்றது?

டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. பிளக்கில் பொறியும் நன்றாக வருகிறது. ஆயினும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் மோட்டார் சைக்கிள் திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. என் பழைய வண்டியில் இத்தொல்லை வந்தபோது பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கூலியும் கொடுத்தேன். பயனில்லை. குறை இருந்ததோ டாங்க் மூடியிலுள்ள சிறு துளையில்!

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு சிறு துளையிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் விட்டுவிட்டு வரும். எதிர்ப்புறம் இன்னொரு துளையிட்டால் சீராக ஒழுகும். வெளியேறும் எண்ணெயின் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும் அல்லவா? கார்புரேட்டர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பொதுவாகப் பம்பு கிடையாது. மேலேயுள்ள டாங்கிலிருந்து புவியீர்ப்பினாலேயே பெட்ரோல் இறங்குகிறது. மூடியிலுள்ள துளைதான் காற்றுக்கு வழி.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 740 கிலோகிராம். எனவே அதன் அழுத்தம் 0.3 × 740 × 9.8, அதாவது ஏறத்தாழ 2,180 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ சுமார் 1,01,300 பாஸ்கல். ஆகவே டாங்கினுள் அழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே பெட்ரோல் இறங்காது!

துளையைத் தூசி அடைத்துவிட்டது. டாங்கில் காலியிடம் 5 லிட்டர் என்போம். 100 மி.லி. பெட்ரோல் செலவானதும் உள்ளே இருக்கும் காற்று 5.1 லிட்டராக விரிகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் சுமார் 2 சதவீதம் குறைகிறது. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டி, அதற்குள் 5 கி.மீ. ஓடியிருக்கும். பெட்ரோல் ஆவி ஓரளவு ஈடுசெய்வதால் உண்மையில் தூரம் கூடலாம். நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து புகும்; வண்டி கிளம்பும்.

இனி, முறையாகச் சோதிப்போம். எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், அருகே தீ ஏதுமின்றிச் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி எட்டியுள்ள நெருப்பையும் பற்றும்.

முதலில் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, வண்டியும் ஓடினால் குற்றவாளி அத்துளையே. இல்லையெனில் கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றிப் புட்டியில் பிடித்து, பெட்ரோல் காக்கைத் திறங்கள். மூடி திறந்திருந்தும் பெட்ரோல் சீராக வராவிட்டால், காக்கின் வடிகட்டியிலோ குழாயிலோ அடைப்பு. நன்றாக வந்தால் கார்புரேட்டரைக் கவனியுங்கள். அதன் மிதவை அறை காலியாயிருந்தால் ஊசி வால்வு சிக்கியிருக்கலாம். நிரம்பி வழிந்தால் வால்வில் அழுக்கு இருக்கலாம், அல்லது மிதவை ஓட்டையாகியிருக்கலாம். வேகத்தில் ஓடி, மெதுவாக்கினால் நின்றால் பைலட் ஜெட்டையும், வேகமெடுக்கத் திணறினால் மெயின் ஜெட்டையும் பாருங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் வீணாகும். காற்றால் ஊதினால் போதும்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் மின்பம்பும் இன்ஜெக்டரும் கொண்டவை. அவற்றுக்கு இம்முறை பொருந்தாது. பழைய வண்டி வைத்திருப்போர் மட்டும், பணப்பையைத் திறக்குமுன் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள்!