எல்லாமே கீழே இறங்கும் ஊர்

ஜனவரி மாத விடியற்காலையில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தா புல்வெளி, உப்பைக் கொட்டி வைத்தது போல வெளுத்துக் கிடக்கும். அதே நேரத்தில் மேலே மேட்டுத் தோட்டத்து முட்டைக்கோஸ் இலையில் வெறும் ஈரம்தான் இருக்கும். உயரம் கூடினால் குளிரும் கூடும் என்றுதானே படித்தோம்? ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கும் சரிதான். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால இரவில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது.

மலையில் அரை ஏக்கர் வாங்கிக் காய்கறி போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அங்கே எல்லாமே கீழே இறங்கும். குளிர், தண்ணீர், மண், நோய், எதுவும் விலக்கில்லை.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஓடையோரப் பள்ளத்து நிலத்தைத்தான் ஆசையாகக் கேட்பார்கள். தண்ணீர் பக்கம், மண்ணும் கறுப்பு. உறைபனி விழுவதும் அங்கேதான். பீன்ஸும் உருளையும் ஒரே இரவில் வெந்தது போலக் கருகிவிடும். கேரட் சமாளித்துக்கொள்ளும், குளிரில் அதற்கு இனிப்புகூட ஏறும். உறைபனி இரவில் ஸ்பிரிங்க்ளர் ஓட்டுகிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் இலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாமல் காக்கும். வெயில் ஏறிப் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் மோட்டாரை நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலை இன்னும் குளிர்ந்துபோகும். அதற்கு ஓட்டாமலே இருந்திருக்கலாம்.

அடுத்தது மண். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் கரைந்தால் எவ்வளவு போகும்? நான்கு கன மீட்டர். எடையில் ஏறத்தாழ ஐந்து டன். கண்ணுக்கே தெரியாத ஒரு மில்லிமீட்டர், ஒரு லாரி லோடு! உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது என்பதால் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக, பார் பிடிக்கும் பழக்கம் மலையில் உண்டு. காரணம் நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு சாலும் மழைநாளில் ஒரு வாய்க்காலாகிவிடுகிறது.

குறுக்கே படிப்படியாக வெட்டுவதே மாற்று. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படியின் தளம் வெளிப்பக்கம் சாயாமல் மலையின் பக்கம் லேசாகச் சாய வேண்டும். தண்ணீர் உள்விளிம்பில் சேர்ந்து, பக்கவாட்டில் மெதுவாக நடந்து, புல் வளர்ந்த வடிகாலில் இறங்கிவிடும். வெட்டும்போது மேல்மண்ணை முதலில் தனியே ஒதுக்கி வைத்துக் கடைசியில் பரப்ப வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாதவர்கள் செம்மண் அடிமண்ணில் விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்வார்கள். நீலகிரியில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். படியின் ஓரத்தில் புல் வைத்தால் மண்ணும் நிற்கும், மாட்டுக்குத் தீவனமும் ஆகும். இரண்டு மாடாவது இல்லாமல் மலையில் எருவுக்கு எங்கே போவது? லாரியில் மேலே ஏற்றிக் கட்டுப்படியாகாது.

மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் மலைமண் புளிப்பாக இருக்கும். புளித்த மண்ணில் மணிச்சத்து பூட்டிக்கொள்ளும். முட்டைக்கோஸ் வேர் புடைத்து வீங்கும் நோயும் வரும். மண்ணைப் பரிசோதித்து, நடவுக்கு முன்பே சுண்ணாம்பு இடுவதுதான் வைத்தியம்.

இனி நோய். 1961-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜோன்ஸ் நீலகிரியில் உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டறிந்தார். பூக்கும் பருவத்தில் உருளைச் செடியை மெல்லப் பிடுங்கி வேரை உற்றுப் பார்த்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிதாய், பொன்னிற மணிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பெண் புழு. அது செத்ததும் அதன் தோலே இறுகிப் பழுப்புநிறப் பெட்டியாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். பக்கத்தில் உருளை வேர் கசியும் வாசனை வரும்வரை, இருபது ஆண்டுகள்கூட, அவை உறங்கிக் கிடக்கும். மண்வெட்டி, செருப்பு, மழைநீர் என்று எதில் வேண்டுமானாலும் ஏறிக் கீழ்த் தோட்டத்துக்குப் போய்விடும். நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததும் இதனால்தான். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை 1985-ல் தந்தது.

ஆனாலும் ஏழையின் மருந்து பயிர் மாற்றம்தான். உருளை எடுத்த நிலத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் கேரட், பூண்டு, பீன்ஸ், கோஸ் என்று சுற்றிவர வேண்டும். பசித்த புழு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரே காயின் விலை சரியும்போது இப்படிப் பல பயிர் வைத்திருப்பதே கைகொடுக்கும்.

ஆகவே, மலையில் நிலம் பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு முறை போய் வாருங்கள். ஒன்று, வெயில் ஏறுவதற்குள் ஒரு ஜனவரிக் காலை. இன்னொன்று, ஐப்பசியில் அடைமழை பெய்யும் ஒரு நாள். கீழ்வரப்பில் ஓடும் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.