தோற்றுப்போன பயிற்றுநரும் அவர் வழிவந்தவர்களும்

கூடைப்பந்து நம் மாணவர்களிடையே அவ்வளவாக எடுபடாத விளையாட்டு. காற்பந்து, பூப்பந்து என்றால் ஓடி வருவோம். கூடைப்பந்துத் திடலில் பெரும்பாலும் சீன நண்பர்களைத்தான் காண முடியும். நானும் என் அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனதால்தான் பந்தைத் தொட்டேன். இரண்டாம் ஆண்டில், விடுதி அணிக்குப் பயிற்றுநராக நிற்க வேறு யாரும் முன்வராததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான்கு ஆட்டங்கள், நான்கிலும் தோல்வி. "வேலைக்கு மனு போடும்போது பயிற்றுநர் என்று மட்டும் எழுதிவிடாதே" என்று என் அணி விளையாட்டாளர் ஒருவரே கிண்டலடித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால், அது உள்ளே தைத்தது.

என்னைவிட மோசமான பயிற்றுநர் யாராவது இருந்திருப்பாரா என்ற ஆறுதல் தேடலில்தான் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கதை கிடைத்தது. லாரன்ஸ் என்ற சிறிய ஊரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் 1898 முதல் கூடைப்பந்து ஆடி வருகிறது. ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் நின்றவர் ஒருவரை விட்டுவிட்டால், 2003இல் பொறுப்பேற்ற பில் செல்ஃப் வரை மொத்தம் எட்டே பேர்தான் தலைமைப் பயிற்றுநர்கள். அந்த எட்டுப் பேரில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் ஒருவர் மட்டுமே. அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆம், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்!

கனடாவில் பிறந்த நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடங்காமல் திரிந்த மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டு, 13 விதிகள், அவ்வளவுதான். பின்னர் மருத்துவமும் படித்து முடித்து, 1898இல் கான்சஸ் வந்தார். உடற்கல்வி கற்பிப்பதும் வழிபாட்டை நடத்துவதுமே அவருடைய வேலை. அணியின் முதல் ஆட்டத்திலேயே 16-5 எனத் தோல்வி. 1907இல் அவர் விலகியபோது கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. உடலும் குணமும் வளரத்தான் விளையாட்டு என்று நம்பியவர் அவர். தம் மாணவர் ஒருவர் வேறொரு கல்லூரிக்குப் பயிற்றுநராகப் போவதாகச் சொன்னபோது, இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்க முடியாது, ஆடத்தான் வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

அந்த மாணவர்தான் ஃபாரஸ்ட் ஆலன். நடுவராக நின்றபோது எழுப்பிய குரல், பனிமூட்டத்தில் கப்பல்கள் ஊதும் சங்கைப்போல் இருந்ததால் 'ஃபாக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் முடியாது என்றதை அவர் வாழ்நாள் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். 1907 முதல் 1909 வரையிலும், மறுபடி 1919 முதல் 1956 வரையிலும் கான்சஸில் 590 வெற்றிகள். 1952இல் தேசிய வெற்றியாளர் பட்டம். பயிற்றுநர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கத்தை 1927இல் தொடங்கியவரும் அவரே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெறப் பாடுபட்டதோடு, முதியவரான நெய்ஸ்மித்தை அங்கே அனுப்பி வைக்க நிதி திரட்டவும் முன்னின்றார். இறுதியாட்டம் திறந்தவெளித் திடலில், மழைச் சேற்றில் நடந்தது. நெய்ஸ்மித் பிறந்த நாடும் குடியேறிய நாடும் மோதின. அமெரிக்கா 19, கனடா 8. பதக்கங்களை வழங்கியவர் நெய்ஸ்மித்.

ஆலனின் புகழைப் பாடிக்கொண்டே போகலாம். ஆனால், ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1930களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கான்சஸில் உடற்கல்வி படிக்க வந்தார். பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவருக்கு அப்போது இடமில்லை. அணியின் பயிற்றுநர் ஆலன்தான். மெக்லெண்டன் தம் தந்தை சொன்னபடி நேரே நெய்ஸ்மித்தின் அறைக்குப் போய், நீங்கள்தான் என் ஆலோசகர் என்றார். கிழவர் ஏற்றுக்கொண்டார். ஆடவே அனுமதிக்கப்படாத அந்த மாணவர், ஆட்டத்தை அதைப் படைத்தவரிடமே கற்றார். 1944இல், இனப்பிரிவினைச் சட்டம் நடப்பிலிருந்த வட கரோலினாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரார் தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து, அவருடைய கறுப்பின மாணவர் அணி, டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியைக் கதவைப் பூட்டிக்கொண்டு எதிர்த்து ஆடியது. 88-44 என வென்றது. வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாளில் மெக்லெண்டன் சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். என்னைக் கேட்டால், நெய்ஸ்மித்தின் 55 வெற்றிகளோடு இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஆலனின் முடிவு கொஞ்சம் கசப்பானது. ஏழடி உயரமிருந்த வில்ட் சேம்பர்லினைப் பெரும்பாடுபட்டுக் கான்சஸுக்கு அழைத்து வந்தார். முதலாம் ஆண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. அடுத்த ஆண்டு வருவதற்குள் ஆலனுக்கு 70 வயதாகிவிட, கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். சேம்பர்லின் அவருடைய உதவியாளர் டிக் ஹார்ப்பின் கையில் கிடைத்தார். 1957 இறுதியாட்டத்தில் மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி, வட கரோலினாவிடம் 54-53 என்று தோற்றார்கள். ஒரு புள்ளி! பாவம், ஹார்ப். அவருக்குப் பின் டெட் ஓவன்ஸ் 19 பருவங்கள் இருந்தார், கடைசி நால்வர் சுற்றுக்கு இரண்டு முறை போனார், 1983இல் நீக்கப்பட்டார்.

இனிமேல்தான் இந்தப் பரம்பரையின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 1952 வெற்றி அணியில் பெரும்பாலும் இருக்கையிலேயே அமர்ந்திருந்த டீன் ஸ்மித் என்ற மாணவர், பிறகு வட கரோலினாவின் பயிற்றுநராகி 879 ஆட்டங்களில் வென்றார். ஆலனிடம் பயின்ற அடால்ஃப் ரப், கென்டக்கியில் 876. ஸ்மித்திடம் பயின்ற லேரி பிரவுன் 1983இல் கான்சஸுக்கு வந்து, 1988இல் டேனி மேனிங்கைக் கொண்டு பட்டம் வென்றார். 11 தோல்விகள் கண்ட அணி அது! வென்ற கையோடு தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். விதிமீறலுக்கான தண்டனையை அடுத்த ஆண்டு அணிதான் அனுபவித்தது. பின்னர் ஸ்மித்தின் துணைப் பயிற்றுநர் ராய் வில்லியம்ஸ் வந்தார். 418 வெற்றிகள், பட்டம் மட்டும் கிட்டவில்லை. 2003இல் வட கரோலினாவுக்கே திரும்பிப் போய், அங்கே மூன்று பட்டங்கள் வென்றார். கான்சஸ் ஆதரவாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அடுத்து வந்தவர் பில் செல்ஃப், ஒருகாலத்தில் பிரவுனிடம் உதவியாளராக இருந்தவர். 2008இல் ஒரு பட்டம். 2022இல் இன்னொன்று, அதுவும் வட கரோலினாவுக்கு எதிராக, இடைவேளையில் 15 புள்ளிகள் பின்தங்கி இருந்து 72-69 என்று. எதிரணிப் பயிற்றுநரும் டீன் ஸ்மித்தின் மாணவர்தான். அன்று யார் வென்றிருந்தாலும் நெய்ஸ்மித்தின் வழிவந்தவரே வென்றிருப்பார். 2023இல், தகுதியற்ற விளையாட்டாளர் ஒருவர் ஆடியதற்காக 2017-18 பருவத்தின் 15 வெற்றிகள் செல்ஃபின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. அப்படியும் 2024 நவம்பரில் ஆலனின் 590ஐக் கடந்துவிட்டார்.

1955இல் லாரன்ஸில் திறக்கப்பட்ட அந்த அரங்கத்துக்கு ஆலனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். உள்ளே, பந்து துள்ளும் ஆடுதளத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயர்.

என் விடுதி அணியில் இருந்த ஓர் இளையவர் இப்போது ஓர் இடைநிலைப்பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்றுநர். போன மாதம் தொலைபேசியில் அழைத்து, முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டோம் அண்ணா என்றார். 16-5 கதையைச் சொன்னேன்.